எடிசன் பக்கத்து எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் கை மாறுகிறது: ஞாயிறு தமிழ் நிகழ்ச்சி இனி எங்கே கேட்கும்?

ராரிட்டன் கரை (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு காலை 9:52

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்குக் காலை நிகழ்ச்சி முடியுற நேரத்துல அறிவிப்பாளர் சொன்னதைக் கேட்டீங்களா? ஞாயிறு 7 மணியிலிருந்து 9 வரை நம்ம தமிழ் நிகழ்ச்சி வர்ற எஃப்எம் அலைவரிசையை நிலையத்துக்காரர் வித்துட்டாராம். வாங்கினவங்க அதுல 24 மணி நேரமும் 80, 90-கள் ஆங்கிலப் பாட்டு போடப் போறாங்க. ஏஎம்-ல நம்ம நிகழ்ச்சி தொடரும், எஃப்எம்-ல இந்த மாசத்தோட முடியுது.

எங்க வீடு நியூ ஜெர்சியில ஈஸ்ட் பிரன்ஸ்விக். அம்மா கும்பகோணத்துலேர்ந்து வந்து 6 வருஷம் ஆச்சு. அடுப்படி ஜன்னல்ல ஒரு சின்ன ரேடியோ இருக்கு. முள் எங்க நிக்கணும்னு கண்ணாடி மேல சிவப்பு நெயில் பாலிஷால ஒரு புள்ளி வெச்சுக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை 6:50-க்கே அம்மா எழுந்து காபிக்கு அடுப்பைப் பத்தவெச்சுட்டு, முள்ளைப் புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்திடுவாங்க. யாரையும் எழுப்ப மாட்டாங்க. இந்த நாட்டுல அம்மா யார் தயவும் இல்லாம தானே செஞ்சுக்குற காரியம் ரொம்பக் கொஞ்சம். அதுல இது ஒண்ணு.

அதே ரேடியோவுல ஏஎம் போட்டுப் பார்த்தேன். கர்ருன்னு இரைச்சல்தான், பேச்சு எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வருது. அறிவிப்பாளர் "டிரான்ஸ்லேட்டர்"னு ஒரு வார்த்தை சொன்னார். அப்படின்னா என்ன? அதை மட்டும் தனியா எப்படி விக்க முடியும்? நாம ஏதாவது செய்ய முடியுமா?

---

ஏரியல் அண்ணன், ஞாயிறு காலை 10:31

ராரிட்டன், பேரைப் பார்த்து மொழிபெயர்ப்புன்னு நினைச்சுடாதீங்க. ஒரு அலைவரிசையில் வர்ற ஒலிபரப்பை வாங்கி, இன்னொரு அலைவரிசையில் திரும்ப விடுற சின்ன எஃப்எம் கருவிதான் டிரான்ஸ்லேட்டர். நம்ம ஊர் வழக்கத்துல ரிலேன்னு வெச்சுக்கலாம். இந்த நாட்டுல 1970-லேர்ந்து இருக்கு. மலை மறைக்குற பள்ளத்தாக்கு ஊர்களுக்குப் பெரிய நிலையத்தைக் கொண்டு போறதுக்காகத்தான் முதல்ல அனுமதிச்சாங்க. உச்ச சக்தி 250 வாட். பெரிய எஃப்எம் நிலையங்கள் ஆயிரக்கணக்கான வாட்ல ஓடுது, அதோட ஒப்பிட்டா இது தெருவிளக்கு மாதிரி.

பெயரை வெச்சே அடையாளம் கண்டுபிடிக்கலாம். மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்கே டபிள்யூ, மேற்கே கே, அடுத்து மூணு இலக்கச் சேனல் எண், கடைசியில ரெண்டு எழுத்து. 97.5 மெகாஹெர்ட்ஸ்னா சேனல் 248.

இதுக்குன்னு சொந்த நிகழ்ச்சி கிடையாது. விளம்பரதாரர், நன்கொடையாளர் பேரைச் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு 30 விநாடி, அது போக அவசர அறிவிப்பு, அவ்வளவுதான். மத்தபடி பொதுவா வேற ஒரு தாய் நிலையத்தைத்தான் திருப்பிச் சொல்லணும். அந்தஸ்துலயும் ரெண்டாம் வரிசை. முழு நிலையம் எதுக்காவது இடைஞ்சல் வந்தா டிரான்ஸ்லேட்டர்தான் ஒதுங்கணும். முழு நிலையம் இதுக்கு இடைஞ்சல் செஞ்சா பொறுத்துக்கணும்.

ஏஎம் நிலையம் எஃப்எம் டிரான்ஸ்லேட்டர்ல வர 2009-லதான் எஃப்சிசி (வானொலிக்கு உரிமம் கொடுக்குற அமெரிக்க அரசு ஆணையம்) அனுமதி கொடுத்தது. 2015 அக்டோபர்ல ஏஎம்-ஐத் தூக்கி நிறுத்தணும்னு இன்னொரு உத்தரவு வந்தது. 250 மைலுக்குள்ள எங்க இருக்குற டிரான்ஸ்லேட்டரையும் ஏஎம் நிலையம் வாங்கித் தன் ஊருக்கு இடம் மாத்திக்கலாம்னு 2016-ல கதவைத் திறந்து விட்டாங்க. நம்ம நிலையம் இதை அப்போதான் வாங்கி இங்க கொண்டுவந்ததுன்னு பதிவுல இருக்கு. அப்படி வாங்கினா 4 வருஷம் அந்த ஏஎம்-ஐத்தான் ஒலிபரப்பணும்னு நிபந்தனை. 4 வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு. அதனால தனியா விக்க முடியுது.

2017-லேர்ந்து வந்த விண்ணப்பங்கள்ல ஏஎம் நிலையங்கள் புதுசா வாங்கின டிரான்ஸ்லேட்டர்களுக்கு விதி வேற. அதை அந்த ஏஎம்-லேர்ந்து பிரிச்சு விக்கவே முடியாது. நம்மது அந்த வகையா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

---

பிஸ்கட்டவே பயணி, ஞாயிறு பகல் 12:05

வருத்தம் புரியுது. ஆனா இந்த நிகழ்ச்சி இணையத்துலயும் வருதே? அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கி வெச்சா வாயால சொன்னாலே பாடும். 250 வாட் கோபுரத்துக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

---

மன்ரோ மருமகள், ஞாயிறு பகல் 12:40

பயணி அண்ணா, எங்க வீட்டுல அந்த ஸ்பீக்கர் இருக்கு. மாமனார் திருநெல்வேலிக்காரர். அவர் சொல்ற நிலையப் பேரு அதுக்குப் புரியவே மாட்டேங்குது. மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டு, பேரன் முன்னாடி தலைகுனிஞ்சு உள்ள போயிடுவார். ரேடியோவுல அந்தக் கூச்சம் கிடையாது.

மன்ரோவுல 55 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான குடியிருப்பு எத்தனை இருக்கு தெரியுமா? அங்க நம்ம ஊர்ப் பெரியவங்க வரவர அதிகமாயிட்டே வராங்க. ஞாயிறு காலை நடைப்பயிற்சியில சட்டைப்பையில ரேடியோவோட போறவங்களை நான் வாராவாரம் பார்க்குறேன். உணவகச் சமையல்கட்டுல வேலை பார்க்குற தம்பிங்க, டாக்ஸி ஓட்டுறவங்க இவங்களுக்கும் கை ஒழியாது. இட்லி மாவு கையோட ஃபோனைத் தொட முடியுமா?

---

ஹில்ஸ்பரோ பழையவர், ஞாயிறு பகல் 1:15

1991 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறேன். பயணி தம்பிக்கு ஒரு விஷயம் நினைவூட்ட வேண்டும். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் 9 நாள் மின்சாரம் இல்லை. புயல் தாக்கிய பகுதிகளில் செல்போன் கோபுரங்களில் கால்வாசி வேலை செய்யவில்லை என்று எஃப்சிசி அறிவித்தது. காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுத்தான் எந்த பெட்ரோல் பங்கில் எண்ணெய் கிடைக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டோம். பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாவுக்கு நான்தான் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். இணையம் இருக்கும்போது எல்லாம் சரி. அது போகிற அன்றைக்கு உள்ளூர்க் கோபுரம் ஒன்று பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

கை மாறுவது, கூடவே எல்லை சுருங்குவது, இதெல்லாம் நமக்கு மட்டும் நடக்கிற கதையும் இல்லை. நான் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் விரும்பிக் கேட்பவன். நியூயார்க்கில் டபிள்யூக்யூஎக்ஸ்ஆர் என்ற நிலையம் 96.3-ல் வந்துகொண்டிருந்தது. நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். 2009-ல் அதை விற்றார்கள். மூன்று பேருக்கு நடுவே நடந்த பரிமாற்றம் அது. 96.3 யூனிவிஷன் என்ற ஸ்பானிஷ் மொழி ஒலிபரப்பு நிறுவனத்துக்குப் போனது, யூனிவிஷனின் 105.9-ம் டபிள்யூக்யூஎக்ஸ்ஆர் என்ற பெயரும் பொது வானொலியான டபிள்யூஎன்ஒய்சி கைக்கு வந்தன. அந்த அக்டோபரில் இடம் மாறினார்கள்.

சங்கீதம் பிழைத்தது, விளம்பரமும் போனது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் 96.3-ல் 6,000 வாட், 105.9-ல் வெறும் 610 வாட். இரண்டும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்துதான். நகரத்துக்குள் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கூடத்து ரேடியோவில் வயலின் பாதியில் கரகரவென்று ஆகிவிடும். மாடி அறையில் ஒரே ஒரு மூலையில் மட்டும் கேட்டது. அந்த மூலைக்கு நாற்காலியைத் தூக்கிப் போட்டு இரண்டு வருடம் கேட்டேன்.

பிறகு அவர்கள் ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். 2013-ல் வெஸ்ட்செஸ்டர் பக்கம் ஆசினிங்கில் 90.3-ல் ஒரு சின்ன நிலையத்தை வாங்கினார்கள். போகீப்சி பக்கம் 103.7-ல் டிரான்ஸ்லேட்டர் வைத்திருக்கிறார்கள். ஹட்சன் ஆற்றங்கரை மக்களுக்கு அது உதவியது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

---

ராரிட்டன் கரை, ஞாயிறு பகல் 2:20

ஐயா, அந்த மூலை நாற்காலியை நினைச்சா மனசு கனக்குது. எஃப்சிசி-யில ஆட்சேபம் போட்டா என்ன? வாங்குறவங்க தமிழ் நிகழ்ச்சியை நிறுத்துறாங்கன்னு 200 பேர் கையெழுத்து வாங்கிடலாம். நானே வீடு வீடாப் போறேன்.

---

ஹில்ஸ்பரோ பழையவர், ஞாயிறு பகல் 3:02

தம்பி, கையெழுத்து வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் 104.3-ல் டபிள்யூஎன்சிஎன் என்று ஒரு சாஸ்திரிய சங்கீத நிலையம் இருந்தது. 1974-ல் அதன் உரிமையாளர் ஒரே நாளில் ராக் இசைக்கு மாற்றினார். நேயர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். நிலையம் வேறு கைக்குப் போய், அடுத்த ஆண்டே சங்கீதம் திரும்பி வந்தது. அந்தச் சங்கத்தின் பெயரில்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981-ல் தீர்ப்பு. ஒரு நிலையம் என்ன வகை நிகழ்ச்சி போட வேண்டும் என்பதைச் சந்தை தீர்மானிக்கட்டும், அதில் தலையிட மாட்டோம் என்ற எஃப்சிசி-யின் நிலைப்பாட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை அதுதான் சட்டம். கடைசியில் 1993 டிசம்பரில் 104.3 மறுபடி ராக் நிலையம் ஆனது, இன்றும் அப்படியே இருக்கிறது.

உரிம மாற்றத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் உண்டு. ஆனால் "எங்கள் மொழி நிகழ்ச்சி போகிறது" என்பதை எஃப்சிசி காரணமாக எடுத்துக்கொள்ளாது. வாங்குபவருக்குத் தகுதி இல்லை, விண்ணப்பத்தில் பொய் இருக்கிறது, விதி மீறல் இருக்கிறது என்று காட்டினால்தான் உள்ளே எடுப்பார்கள். அந்த 200 கையெழுத்தை ஏஎம் நிலையத்தாரிடம் கொண்டுபோங்கள். அவருக்கு அது பயன்படும். இத்தனை வீட்டில் கேட்கிறார்கள் என்று விளம்பரதாரரிடம் காட்ட முடியும்.

---

ஞாயிறு ஒலிவாங்கி, ஞாயிறு மாலை 5:48

நான் அந்த நிகழ்ச்சியைத் தயாரிக்கிற தன்னார்வலர்களில் ஒருத்தி. காலையிலிருந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது, அதனால் உடனே எழுத முடியவில்லை.

நிலைய உரிமையாளரை யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். 70 வயதைத் தாண்டியவர், மனைவியும் அவருமாக நடத்துகிறார்கள். ஏஎம் கோபுரத்துக்கு அடியில் தரைக்குள் புதைத்திருக்கும் செம்புக் கம்பிகளில் பாதி திருட்டுப் போய்விட்டது. அதைச் சரி செய்யாவிட்டால் ஏஎம்-ஏ நின்றுவிடும். இன்றைக்கு ஒரு டிரான்ஸ்லேட்டருக்குக் கிடைக்கிற விலை ஏஎம்-க்குக் கிடைக்காது. ஒன்றை விற்று இன்னொன்றைக் காப்பாற்றுகிறார். எங்களிடம் நேரில் உட்கார்ந்து சொன்னார். 11 வருடமாக ஒரு ஞாயிறு கூட எங்களை வெளியே நிறுத்தியதில்லை. பனிப்புயல் அன்றைக்குக்கூட அவரே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

எங்கள் கவலை குளிர்காலம். நம் ஏஎம் பகல்நேர நிலையம். சூரியன் உதித்த பிறகுதான் முழுச் சக்தி. அதற்கு முன் அனுமதித்திருப்பது மிகக் கொஞ்சம். ஜனவரியில் இங்கே உதயம் 7:20 வாக்கில். நிகழ்ச்சி 7 மணிக்கு. இதுவரை எஃப்எம் இருந்ததால் அந்த 20 நிமிடத்தை யாரும் உணரவில்லை. திருப்பாவையும் ஊர்ச் செய்தியும் அந்த 20 நிமிடத்தில்தான் வருகின்றன.

---

ஏரியல் அண்ணன், ஞாயிறு இரவு 8:10

அக்கா சொன்னதோட சேர்த்து ஒண்ணு. ஜனவரி மட்டும் இல்லை. அக்டோபர் கடைசியிலயும், மார்ச்ல கடிகாரத்தை முன்னாடி தள்ளினவுடனேயும் உதயம் 7:15-க்கு மேல போயிடும். நேரத்தை 8 மணிக்கு நகர்த்த முடியுமான்னு உரிமையாளர்கிட்ட கேளுங்க.

ஏஎம் அலை ராத்திரியில மேல போய் அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பி நூத்துக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். அப்போ ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எல்லா நிலையமும் கெட்டுப் போகும். அதனாலதான் சின்ன நிலையங்களைப் பகலோட நிறுத்துறாங்க. பகல்ல தரையோட ஒட்டி வர்ற அலை மட்டும்தான். அதுக்கு அந்தச் செம்புக் கம்பிதான் உயிர். கம்பியை மாத்தினா நம்ம ஏஎம் இப்போ இருக்குறதை விட நல்லாவே கேட்கும். உரிமையாளர் சரியான காரியம்தான் செய்யுறார்.

இன்னிக்கு மதியம் உரிம விண்ணப்பங்களைப் போட்டு வெக்குற எஃப்சிசி-யோட எல்எம்எஸ் தளத்துல விண்ணப்பத்தைத் தேடிப் படிச்சேன். யார் வேணும்னாலும் பார்க்கலாம், பணம் கிடையாது. ரெண்டு விண்ணப்பம் இருக்கு. ஒண்ணு உரிம மாற்றம், இன்னொண்ணு கோபுர மாற்றம். இப்போ எடிசன் பக்கம் தாழ்வான இடத்துல இருக்குற ஆன்டெனாவை வடக்கே வாட்சங் மலை முதுகுல ஒரு கோபுரத்துக்கு ஏத்தப் போறாங்க. ஒரு பெரிய எஃப்எம்-மோட ஹெச்டி-2 துணைச் சேனல்தான் தாய் ஒலிபரப்பு, அதாவது அதே அலைவரிசையில டிஜிட்டல்ல கூடவே வர்ற ரெண்டாவது நிகழ்ச்சி. அந்தச் சேனலை ஹெச்டி ரேடியோ வெச்சிருக்கிறவங்க மட்டும்தான் கேட்க முடியும். டிரான்ஸ்லேட்டர் வழியா சாதாரண ரேடியோவுக்கும் அது வந்துடும். இந்த நாடு பூரா இப்போ இந்த வழியிலதான் புது எஃப்எம் நிலையம் "முளைக்குது".

எல்லை வரைபடத்தைப் போட்டுப் பார்த்தேன். எஃப்சிசி கணக்குல 60 டெசிபல் கோடுதான் எல்லை, அதாவது மீட்டருக்கு 1 மில்லிவோல்ட். வடக்கே பிளெயின்ஃபீல்டு, சம்மிட் வரை நல்லா விரியுது. தெற்கே அதே சேனல்ல வேற நிலையம் இருக்குறதால அந்தப் பக்கம் சக்தியை வெகுவாக் குறைச்சிருக்காங்க. ஆன்டெனாவே அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி நிக்குது. ஈஸ்ட் பிரன்ஸ்விக், மன்ரோ ரெண்டும் கோட்டுக்கு வெளியே. மலை மேல ஏறுறதால எல்லாருக்கும் நல்லா வரும்னு தோணும், ஆனா நம்மாளுங்க இருக்குற பக்கம் இருட்டு.

சுருக்கமாச் சொன்னா, வாங்குறவங்க நாளைக்கே மனசு மாறி நம்ம நிகழ்ச்சியைப் போட்டாக்கூட மன்ரோ மாமனாருக்குக் கேட்காது.

---

ஒட்டன்சத்திரத்தான், திங்கள் காலை 6:20

நான் ஊர்லேர்ந்துதான் எழுதறேனுங்க. அண்ணன் மலை விஷயம் சொன்னதும் சேர்ந்துக்கலாம்னு தோணுச்சு. எங்க பக்கம் கோடைப் பண்பலை 100.5. கொடைக்கானல் 7,000 அடி உசரத்துல இருந்து 10 கிலோவாட்டுல வருது. அப்பா காய்கறி மண்டியில கணக்கு எழுதறவரு. விடியக்காலம் மூட்டை எறக்கையில ஆரம்பிச்சு ராத்திரி கடை சாத்தற வரைக்கும் அதேதான் பாடிட்டிருக்கும். திண்டுக்கல், மதுரை, தேனின்னு எங்க பஸ்ஸுல போனாலும் டிரைவர் முள்ளைத் தொடறதில்லை.

எஃப்எம்முக்கு வாட்டை விட உசரம்தான் பெருசுன்னு அப்பவே சொல்வாங்க. ஆனா மலையடிவாரத்துல ஒட்டி இருக்கற சில காட்டுவழில மலையே மறைச்சுக்கும். அண்ணன் சொல்ற வாட்சங் கதையும் அதே மாதிரிதானுங்களே?

---

ஏரியல் அண்ணன், திங்கள் காலை 7:45

உயரத்தைப் பத்தித் தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆன்டெனா உயரத்தை ரெண்டு மடங்காக்கினா, சக்தியை நாலு மடங்காக்கினதுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனாலதான் இங்க தாய் நிலையத்தோட எல்லைக்கு வெளியே வைக்குற டிரான்ஸ்லேட்டருக்கு உயரத்துலயும் கடிவாளம் போட்டிருக்காங்க. நம்ம பகுதியில சுற்றுவட்டாரத் தரைமட்டத்துக்கு மேல 32 மீட்டர் வரைதான் முழு 250 வாட். மேல ஏற ஏற வாட்டைக் குறைச்சுக்கிட்டே வரணும். எல்லைக்குள்ளேயே வைக்குற டிரான்ஸ்லேட்டருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. புதுசா வர்றவங்க ஹெச்டி-2 வழியைப் பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வட்டாரத்துல டிரான்ஸ்லேட்டர் சண்டை பழசு. 90-கள்ல ஃபோர்ட் லீ-யில 103.1-ல ஒரு டிரான்ஸ்லேட்டர் இருந்தது. பெர்கன் கவுண்டிக்குன்னு சொந்த எஃப்எம் கிட்டத்தட்ட இல்லாத காலம். பேருக்குத் தாய் நிலையம் நியூயார்க் மாநிலத்து மான்டிசெல்லோவுல, கேட்ஸ்கில் மலைப் பக்கம். உண்மையில நிகழ்ச்சியே நியூ ஜெர்சியிலதான் தயாராகுது, விதியை மீறுறாங்கன்னு புகார் போய், 1997-ல எஃப்சிசி விசாரணையே வெச்சது. நேயர்கள் அதை விரும்பிக் கேட்டாங்க. எனக்கு அதுல தெரியுறது, நடு ஜெர்சிக்கும் வட ஜெர்சிக்கும் உள்ளூர்க் குரல் எவ்வளவு பஞ்சம்கிறதுதான். ஒரு பக்கம் நியூயார்க், ஒரு பக்கம் பிலடெல்பியா, நடுவுல அலைவரிசையில ஒரு இஞ்ச் இடம் இல்லை.

---

பிஸ்கட்டவே பயணி, திங்கள் மதியம் 12:30

நேத்து நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். மன்ரோ சகோதரி சொன்ன மாமனார் கதை ராத்திரி தூங்கவிடலை. என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

சரி, நாமளே ஒரு நிலையம் ஆரம்பிச்சா? குறைசக்தி எஃப்எம்னு ஒண்ணு லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்குக் கொடுக்குறாங்கன்னு படிச்சேன்.

---

ஏரியல் அண்ணன், திங்கள் மதியம் 1:05

உண்டு பயணி. 100 வாட், 30 மீட்டர் உயரம், சுமார் 5.6 கிலோமீட்டர் வட்டம். 2011 ஜனவரியில கையெழுத்தான உள்ளூர்ச் சமூக வானொலிச் சட்டத்துக்கு அப்புறம் நகரங்கள்லயும் வழி கொஞ்சம் திறந்தது. ஆனா நினைச்சப்போ விண்ணப்பிக்க முடியாது. 2000-01, அப்புறம் 2013, கடைசியா 2023 டிசம்பர். அடுத்து எப்போன்னு அறிவிப்பு வரணும். வந்தாலும் நம்ம பகுதியில காலிச் சேனல் கிடைக்குறது ரொம்பக் கஷ்டம். 2003-ல எஃப்சிசி டிரான்ஸ்லேட்டர் விண்ணப்பத்துக்கு ஜன்னலைத் திறந்தப்போ 13,000-க்கும் மேல வந்து குவிஞ்சுது. அதுல நிறைய நாடு பூரா சேனலைப் பிடிச்சு வெச்சுக்கப் போட்டது. உள்ளூர்க்காரங்க கேட்க வர்றதுக்குள்ள நாற்காலியில எல்லாம் துண்டு போட்டாச்சு. எனக்கு இதுல இன்னும் ஆறலை.

கைக்கு எட்டுற வழின்னா ஏஎம்-ஐ வீட்டுல சரியாக் கேட்க வைக்குறதுதான். ராரிட்டன், உங்க அடுப்படி ரேடியோவுல இரைச்சல்னு சொன்னீங்களே, அது கோபுரத்தோட தப்பா இருக்காதுன்னு நினைக்கிறேன். ஒரு சோதனை செய்யுங்க. ரேடியோவை பேட்டரியில ஓட்டுங்க. வீட்டுல மெயின் சுவிட்சை 2 நிமிஷம் அணைச்சுட்டுக் கேளுங்க. அப்புறம் ஒவ்வொரு சர்க்யூட்டாப் போட்டுக்கிட்டே வாங்க. எதைப் போட்டதும் கர்ருன்னு வருதோ அதுதான் ஆள். பெரும்பாலும் மலிவான எல்இடி விளக்கு, ஃபோன் சார்ஜர், இல்லைன்னா டிம்மர் சுவிட்ச்.

இன்னொண்ணு, ரேடியோவுல இழுத்து நீட்டுற கம்பி ஏரியல் ஏஎம்-க்கு வேலை செய்யாது. ரேடியோ உள்ள ஒரு கறுப்புக் குச்சி மேல செம்புக் கம்பி சுத்தியிருக்கும், அதுதான் ஏரியல். அதுக்குத் திசை உண்டு. பெட்டியையே மெல்லத் திருப்புங்க. ஒரு கோணத்துல இரைச்சல் விழும்.

---

மன்ரோ மருமகள், புதன் இரவு 9:14

அண்ணா சொன்னபடி நாங்களும் செஞ்சோம். மாமனாரே டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். எங்க வீட்டு ஆள் கராஜ் கதவு மோட்டாரோட விளக்கு! போன வருஷம்தான் எல்இடி மாத்தினோம். பழைய பல்பைத் திரும்பப் போட்டதும் அவர் முகத்தைப் பார்க்கணுமே.

இன்னொரு சந்தேகம். அடுத்த கார் மின்சாரக் கார் வாங்கலாம்னு இருக்கோம். சிலதுல ஏஎம்-ஏ கிடையாதாமே?

---

ஹில்ஸ்பரோ பழையவர், புதன் இரவு 10:02

உண்மைதான் அம்மா. மோட்டார் இரைச்சலைக் காரணம் காட்டி சில நிறுவனங்கள் மின்சாரக் கார்களில் ஏஎம்-ஐ எடுத்துவிட்டன. ஃபோர்டு 2024 மாடல்களில் எடுக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2023 மே மாதம் பின்வாங்கியது. எல்லாக் காரிலும் ஏஎம் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். ராரிட்டன் தம்பி சேர்க்கும் கையெழுத்துக்கு அது நல்ல இடம். கார் வாங்கும் முன் ஷோரூமில் ஏஎம் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

---

ஞாயிறு ஒலிவாங்கி, வெள்ளி மாலை 6:30

நல்ல செய்தி. இன்று உரிமையாளரிடம் பேசினோம். நவம்பர் முதல் மார்ச் வரை காலை 8 முதல் 10 வரை நேரம் தருகிறார். 9 மணிக்கு இருந்த இன்னொரு மொழி நிகழ்ச்சிக்காரர்களும் பெருந்தன்மையாக மாறிக்கொள்ளச் சம்மதித்தார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் அதே ரேடியோவில்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கும் இதே தவிப்பு. கம்பி வேலை தரை உறைவதற்குள் முடிந்துவிடும் என்றார். செம்பு வந்து இறங்கிவிட்டது, சுருள் சுருளாகக் கொட்டகையில் பார்த்தேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் எஃப்எம்-ல் ஒவ்வொரு அரை மணிக்கும் ஏஎம் எண்ணைச் சொல்லப் போகிறோம். பேட்டரி, விளக்கு, பெட்டியைத் திருப்புவது எல்லாவற்றையும் ஏரியல் அண்ணன் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து 10 நிமிடம் பேச வேண்டும். வருவீர்களா அண்ணா?

---

ஏரியல் அண்ணன், வெள்ளி மாலை 6:41

கட்டாயம் வரேன் அக்கா. பழைய ரேடியோ ஒண்ணைத் திறந்து எடுத்துட்டு வரேன். உள்ள இருக்குற அந்தக் கறுப்புக் குச்சி எப்படி இருக்கும்னு வாயாலயே வர்ணிச்சுச் சொல்லலாம்.

---

ராரிட்டன் கரை, ஞாயிறு காலை 9:20

இன்னிக்கு எங்க வீட்டுல ஏஎம்-லயே கேட்டோம். எங்க ஆள் அலமாரிக்கு அடியில ஒட்டியிருந்த எல்இடி பட்டை. அதை அணைச்சுட்டு, பெட்டியை ஜன்னல் ஓரத்துல சுவரைப் பார்க்கத் திருப்பினதும் அறிவிப்பாளர் குரல் எதிர்ல உட்கார்ந்து பேசுற மாதிரி வந்துடுச்சு. பாட்டுல எஃப்எம் துல்லியம் இல்லை, அது உண்மை. அம்மாகிட்ட கேட்டேன். "சிலோன் ரேடியோவை இதை விட மோசமாக் கேட்டு வளந்தவடா நான்"னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி, திண்ணையில அப்பாவோட பெட்டியைத் திருப்பித் திருப்பி வெச்சுக் கேட்பாங்களாம். எனக்கு இது இத்தனை வருஷமாத் தெரியாது.

நெயில் பாலிஷ் காஞ்சு போயிருந்தது. எங்க வீட்டு மருமகள் அலமாரியிலேர்ந்து பச்சை ஒண்ணு எடுத்துக் கொடுத்தா. ஏஎம் பட்டையில ரெண்டாவது புள்ளியை அம்மாவே வெச்சாங்க. பழைய சிவப்புப் புள்ளியை நகத்தால சுரண்டப் போனேன், "இருக்கட்டும், விடு"ன்னுட்டாங்க.